வரிசைக்கு ஒரே விளக்கு

மாப்ளே,

இன்று காலை வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் நின்றுவிட்டேன். பட்டறைக்காரர் கார்பைட் கல் போடும் கேஸ் தொட்டியைக் கழுவி, அடியில் தங்கிய வெள்ளைச் சேற்றைச் சாக்கடை ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார். பூண்டை நசுக்கி மறந்து வைத்தால் மறுநாள் ஒரு வாடை வருமே, அந்த வாடை. என் மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா மாமா இங்கியே நின்னுட்டீங்க, கொடலப் பொரட்டுது, வாங்க" என்றாள். எனக்கு நகர மனமில்லை. உன் கார்பைட் விளக்கின் வாடையை நான் கடைசியாக முகர்ந்து எத்தனை காலம் ஆகிறது! கல்லின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அது உஸ்ஸென்று மூச்சு விடும். மார்கழிப் பனியில் உன் பின்சக்கரத்தை ஒட்டி நான் வரும்போது அந்த மூச்செல்லாம் என் முகத்தில்தான் அடிக்கும்.

எனக்கு எழுதத் தெரியாது என்பதைப் புதிதாக உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தேய்த்துத்தான் மில்லில் சம்பளம் வாங்கினோம். இதை எழுதுவது உன் பேத்தி. உறுவையாற்றில் நம் தெருவிலேயே இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தால் "அப்புறம் தாத்தா, அப்புறம்?" என்று பேனாவை ஆட்டுகிறாள். அந்த அவசரம் உன்னிடமிருந்து வந்ததுதான். நீ அவளைப் பார்த்ததில்லை. அவளும் உன்னைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை; உன்னைப் படம் பிடிக்க யாருக்குத் தோன்றியது அப்போது? ஆகையால் அவளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதாக நினைத்தால் பொறுத்துக்கொள்.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. உறுவையாற்றிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் புதுச்சேரி மில்லுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு வெகு முன்னாலேயே கிளம்ப வேண்டும். சங்கு ஊதி அடங்குவதற்குள் கேட்டுக்குள் கால் வைக்காவிட்டால் அன்றைய வேலை போய்விடும். அடிக்கடி அப்படி ஆனால் ஆளே வேண்டாம் என்று விடுவார்கள். உலகச் சண்டைக் காலம் வேறு. டயர் கிடைக்காது. கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டினோம். நம்மோடு வந்த வேலு அதற்கும் வழியில்லாமல் பின்சக்கரத்தில் வைக்கோலைத் திணித்து ஓட்டினான். அவன் போகும்போது சக்கரம் அசைபோடுவது மாதிரி கரகரவென்று சத்தம் வரும். "டேய், வண்டிக்குத் தண்ணி காட்னியா?" என்று நீ தினமும் கேட்பாய். "நீ மொதல்ல கொம்பச் சீவு மாமா" என்பான் அவன்.

விளக்குக்கும் அதே பஞ்சம்தான். மண்ணெண்ணெய் வீட்டுக்கே இல்லை, கார்பைட் கல் அதைவிடக் கஷ்டம். ஊரில் சைக்கிள் வைத்திருந்த எல்லாரிடமும் விளக்கு இருந்தது, எரிக்கக் கல் இல்லை. கிடைத்த கல்லையெல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரே விளக்கை எரிப்போம், மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாக வருவோம் என்று சொன்னது யாரென்று எனக்கு ஞாபகமில்லை. விளக்கை யார் சைக்கிளில் மாட்டுவது என்று வந்தபோது எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வேகமாகவும் போக மாட்டாய், அஞ்சவும் மாட்டாய்.

உனக்குப் பின்னால் நான். என் பின்னால் வேலு. கடைசியில் சவரியண்ணன். அவர்தான் எங்களில் மூத்தவர், மில்லில் நெசவுப் பகுதியில் வேலை. நடுவில் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவன் பின் மட்கார்டிலும் ஒரு கை அகலம் சுண்ணாம்பு பூசியிருக்கும். உன் விளக்கின் வெளிச்சம் எனக்கே பாதிதான் வரும், வேலுவுக்கு அதில் பாதி, சவரியண்ணனுக்கு ஒன்றுமே கிடையாது. ஆகவே முன்னால் போகிறவனுடைய சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும். வழியைப் பார்ப்பது உன் வேலை. நீ சத்தம் கொடுப்பாய். "பள்ளம், பீச்சாங்கைப் பக்கம்!" அதை நான் வாங்கி அப்படியே பின்னால் சொல்வேன். வேலு சொல்வான். வால் வரைக்கும் போகும். "தண்டவாளம், நேரா ஏறு!" என்றால் ரயில்வே கேட் வந்துவிட்டதென்று பொருள், சாய்த்து ஏறினால் தண்டவாளத்து இடுக்கில் சக்கரம் மாட்டி ஆளைத் தூக்கியடிக்கும். "வண்டி, மூச்!" என்றால் எதிரில் மாட்டு வண்டி. சந்தைக்குப் போகிற வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருப்பான், மாடுகள் பாட்டுக்கு வழி தெரிந்து போகும். அந்த நேரத்தில் எவனாவது மணி அடித்தால் மாடு மிரண்டு வண்டியைக் குறுக்கே போட்டுவிடும். அதனால் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கிக் கடக்க வேண்டும். எல்லாம் கடந்த பிறகு சவரியண்ணன் கடைசியிலிருந்து, "வால் வந்தாச்சி!" என்பார். அது முன்னால் வந்து உன் காதில் விழுந்த பிறகுதான் நீ வேகமெடுப்பாய்.

வேலு சும்மா இருப்பானா? நடுவழியில் "பொண்ணு, சோத்தாங்கைப் பக்கம்!" என்பான். அது வால் வரைக்கும் போகும். இருட்டில் இத்தனை தலையும் வலப்பக்கம் திரும்பும். சவரியண்ணன் மட்டும், "வால் வந்தாச்சி, பொண்ணத்தான் காணம்!" என்பார்.

அந்த வருடம்தான் என் தங்கை அஞ்சலையை உனக்குக் கட்டிக் கொடுத்தோம். சின்ன வயசிலிருந்து டா போட்டுக்கொண்டிருந்த நாம் மச்சானும் மாப்ளேயும் ஆனோம்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ஓர் எருமையால். வில்லியனூர் தாண்டி நடுச்சாலையில் படுத்திருந்தது. உனக்குப் பின்னால் வருகிற எனக்கே கருப்பாகத் தெரிகிறது, நீ சத்தம் கொடுக்காமல் நேராகப் போகிறாய். "மாடு!" என்று நான் கத்திய பிறகு திருப்பினாய். அப்புறம், "உன் சொந்தக்காரனாச்சே, நீயே கூப்புடுவன்னு வுட்டேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் உன் முதுகு சிரிக்கவில்லை, மாப்ளே. அது கட்டை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற முதுகு, எனக்குத் தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போன வாரமும் அதே கீரை.

"இன்னாடி, வூட்ல வேற ஒண்ணும் இல்லியா?" என்றேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, வெளக்கு வெச்சா அவருக்குக் கண்ணு தெரியல. சோத்துத் தட்டத் தடவுறாரு. தண்ணிச் சொம்ப ஒதைக்கிறாரு. அவங்கப்பாவுக்கும் இப்பிடித்தானாம். கீர குடு, ஈரல் குடுன்னு எல்லாரும் சொல்றாங்க, குடுத்துக்கினுதான் கீறேன்."

"மில்லுல?"

"அங்கதான் கரண்டு வெளக்கு பகலாட்டம் எரியுதே. போற வயிலதான் பயம். நீ யார்கிட்டியும் சொல்லிடாத. சொன்னன்னு தெரிஞ்சா என்னெக் கொன்னுடுவாரு."

அதற்குள் நீ பின்கட்டிலிருந்து வந்தாய். "அண்ணனும் தங்கச்சியும் இன்னா ரகசியம்? இவ என்ன முருங்க மரத்துலியே கட்டி வெச்சிட்டா மச்சான். இன்னும் ரெண்டு மாசத்துல நானே காய்ச்சுத் தொங்குவேன்."

மறுநாளிலிருந்து என் முன்சக்கரம் உன் பின்சக்கரத்தைத் தொடுகிற மாதிரி வந்தேன். என் கண்ணில் பட்டதை வாய்க்குள்ளேயே சொன்னேன். "பள்ளம், பீச்சாங்கை." நீ அதை உரக்கச் சொன்னாய். நான் திரும்ப வாங்கிப் பின்னால் சொன்னேன். வேலுவுக்கு அது உன் வாயிலிருந்து வந்த மாதிரிதான். அதைப்பற்றி நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். பாதி நேரம் நான் வாய் திறக்கும் முன்னாலேயே நீ சரியாகச் சொல்லிவிடுவாய். எந்தப் புளியமரத்துக்குக் கீழே காற்றுக் குளிர்கிறது, எங்கே மண் மெத்தென்று மாறுகிறது, எந்த வீட்டு நாய் எங்கே குரைக்கிறது, எல்லாம் உனக்குக் கணக்கு. நேற்றுவரை இல்லாமல் இன்று புதிதாக வந்தது மட்டும்தான் உனக்குத் தெரியாது.

அப்படிப் புதிதாக வந்தது ஓர் ஐப்பசி மழையில். இரவெல்லாம் கொட்டியிருந்தது. வில்லியனூருக்கு அப்பால் வாய்க்கால் பாலத்தின் பாதியைத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது. எதிர்க்காற்று, தூறல். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு தெரிந்தது. "மாப்ளே, பாலம் இல்ல" என்றேன். காற்று என் வார்த்தையைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. உனக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழிய, "நில்லு!" என்று கத்தினேன்.

நம் வரிசையில் பள்ளத்துக்கு ஒரு சத்தம் இருந்தது, மாட்டுக்கு, வண்டிக்கு, தண்டவாளத்துக்கு இருந்தது. நிற்பதற்குச் சத்தமே கிடையாது. வழியில் நாம் நின்றதே இல்லையே. நான் "நில்லு" என்றேன். வேலு "நில்லு!" என்று பின்னால் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே வந்தான். அவன் பின்னால் வந்தவனும் "நில்லு!" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு மிதித்தான். சவரியண்ணன்கூட, "நில்லு, வால் வந்தாச்சி!" என்று சொல்லிக்கொண்டே வந்து எங்கள் மேல் ஏறினார். பாலத்து விளிம்பில் ஒரே குவியல். ஹேண்டில்பார் யாருடையது, கால் யாருடையது என்று தெரியவில்லை. விளக்கு எங்கே என்று பார்த்தால் விளக்கும் இல்லை, நீயும் இல்லை.

கீழே வாய்க்கால் குமிழ் குமிழாகக் கொதித்தது. கார்பைட் கல்லில் தண்ணீர் மொத்தமாகப் புகுந்தால் அப்படித்தான். பூண்டு வாடை குப்பென்று மேலே வந்தது. உன் சத்தம் மட்டும் இல்லை. "மாப்ளே! மாப்ளே!" என்று நான் கத்தினேன். அஞ்சலை அப்போது ஆறு மாசம். அவள் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

"எவனும் அசையாதீங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "பாலம் சோத்தாங்கைப் பக்கம் போயிடுச்சி. பீச்சாங்கைப் பக்கமா ஒட்டி வாங்க. வேலு, உன் வைக்கோல் நனையப்போவுது, தூக்கிக்கோ."

தலைக்கு மேல் மேகம், ஒரு நட்சத்திரம்கூட இல்லை. எனக்கு என் கை தெரியவில்லை. நீ தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தாய். வந்து உன் சைக்கிளை இழுத்து மேலே போட்டாய். "என் கேரியரப் புடி மச்சான். உன் கேரியர வேலு புடிக்கட்டும். அப்பிடியே வாங்க" என்றாய். நீ முன்னால் நடந்தாய். நாங்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டே குருடராக உன் பின்னால் நடந்தோம். உனக்கு அந்த இருட்டு பழக்கம். "இங்க கல்லு குத்தும். இங்க மேடு. இப்ப தண்டவாளம்." ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனால் நடந்து போனால் நேரமாகுமே. ரயில்வே கேட் தாண்டும்போது தூரத்தில் சங்கு ஊதியது. மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள். சேறும் சகதியுமாக வெளியில் நின்றோம். அன்றைய வேலை எல்லாருக்கும் போயிற்று. மேஸ்திரி உள்ளேயிருந்தபடியே, இன்னொரு தடவை இப்படி மொத்தமாக வந்தால் மொத்தமாகவே திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலுவுக்கு நெற்றியில் ரத்தம். "வெளக்கு உங்கிட்ட இருந்துச்சி மாமா. அவ்ளோ பெரிய ஓட்ட உனக்குத் தெரியலியா?"

மழைதான் காரணம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "தெரியல. இருட்டுல எனக்குக் கண்ணு தெரியாது."

சவரியண்ணன் மெதுவாக, "எப்பத்துலேருந்துபா?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம்."

"அது எல்லாருக்கும்தான் தெரியாமப் போவும்" என்றார் அவர். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

"இனிமே இவுரு பின்னால நான் வரமாட்டேன்" என்றான் வேலு.

"அப்ப நீ முன்னால போறியா?" என்றார் சவரியண்ணன்.

வேலு தலையைச் சொறிந்தான். அடுத்தவனைக் கேட்டார். அவனும் தலையைச் சொறிந்தான். அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது. இத்தனை நாள் வந்த வழி எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகிறவன் மட்கார்டில் இருந்த சுண்ணாம்பு. எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். வேலு வேகம் தணியாமல், "அண்ணன் ஓட்டட்டும். மாப்ளய புதுப்பொண்ணு மாரி பின்னால குந்தவெச்சி இட்டுக்கினு வரட்டும். கையில வெளக்கக் குடுத்துட்டா ஊர்வலமாட்டம் போலாம்" என்றான். அதற்கு மட்டும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நீ உன் சைக்கிளை அப்படியே வேலுவின் மேல் சாய்த்தாய். "இந்தா, நீயே வெச்சிக்கோ. இதுக்கு வைக்கோல் பழக்கிடாத" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாய். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நீ நடந்துதான் மில்லுக்குப் போனாய். நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுவாய். வில்லியனூர் தாண்டி எங்காவது உன்னைப் பிடிப்போம். நான் முன்னால், விளக்கை மாட்டிக்கொண்டு. நாங்கள் கடக்கும்போது நீ ஓரமாக நின்று, "எவன் சங்கிலி அழுவுது? எண்ணெ வுடுங்கடா" என்பாய். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாய்.

அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டாள். "காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குதுண்ணே. மில்லுல நின்னு வேல செய்ய முடியாம தூணப் புடிச்சிக்கினு நிக்கறாராம். மேஸ்திரி பாத்துட்டாராம். வேல போச்சின்னா நான் வயித்துப் புள்ளயோட எங்க போவேன்?"

"நான் கூப்ட்டா வருவாரா?"

"கூப்ட்டா வரமாட்டாரு. கூப்புடலன்னா அதுக்கும் கோவம். அவரப் பெத்தவங்களத்தான் கேக்கணும்."

நான் எப்படி உன்னைக் கூப்பிடுவது? நானே விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். முன்னால் போவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்தது. கண் தெரிந்து என்ன, வழி தெரியவில்லையே. விளக்கு காட்டுவது சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம். அதற்குள் பள்ளம் வந்துவிடும். நான் சொல்வதும் விழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ஒருநாள் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்த்து ஏறிவிட்டேன். சக்கரம் இடுக்கில் மாட்டியது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். நல்ல வேளையாகப் பாலத்தில் அடிபட்டதிலிருந்து இடைவெளி விட்டு வந்த வேலு காலை ஊன்றிவிட்டான். நீ கொஞ்சம் முன்னால்தான் நடந்து போயிருக்கிறாய். திரும்பி வருகிற தடிச் சத்தம் கேட்டது.

"யாருடா வியுந்தது?"

"நான்தான்."

"சாச்சி ஏறினியா?"

"ம்."

"எத்தினி நாளாக் கத்தினேன், நேரா ஏறு, நேரா ஏறுன்னு?"

"நீ கத்தும்போது நேரா ஏறினேன். இன்னிக்கி யாரு கத்தினாங்க?"

நீ தடவிக்கொண்டே வந்து என் சைக்கிளைக் கண்டுபிடித்தாய். முன்சக்கரத்தைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கோணிப்போன ஹேண்டில்பாரை நிமிர்த்தினாய். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாய். விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாய். கேட் ஓரத்தில் எங்கேயோ தவளை கத்திக்கொண்டிருந்தது.

"இந்தக் கேரியர் தாங்குமா?" என்று கேட்டாய்.

"ஏறித்தான் பாரேன்" என்றேன்.

நீ தடியை வேலியோரமாக வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தாய். நான் மிதித்தேன். வண்டி ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நிமிர்ந்தது. வேலு சும்மா இருக்க முடியாமல், "ஏறிட்டாரு!" என்று சத்தம் கொடுத்தான். அது வரிசையில் போனது. "ஏறிட்டாரு... ஏறிட்டாரு... ஏறிட்டாரு..." கடைசியிலிருந்து சவரியண்ணன், "வால் வந்தாச்சி!" என்றார். "வாய மூடிக்கினு வாங்கடா" என்று நீ கத்தினாய். உன் சிரிப்பு என் முதுகில் அதிர்ந்தது.

அன்றிலிருந்து அதுதான் நம் வரிசை. விளக்கை வலது கையில் பிடித்து என் தோளுக்கு மேல் உயர்த்தி நீட்டுவாய். சைக்கிளில் மாட்டியபோது ஒரு முழம் காட்டிய விளக்கு, உயரத்திலிருந்து இரண்டு வண்டி தூரம் காட்டியது. இடது கையால் என் இடுப்பைப் பிடித்திருப்பாய். பழைய பள்ளமெல்லாம் உன் கணக்கு. வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் விரலை அழுத்துவாய். புதிதாக வந்தது என் கணக்கு. சத்தம் கொடுப்பது மட்டும் எப்போதும் நீதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஆற்று மணலுக்கு இழுத்துக்கொண்டு போய் "நில்லு" என்றால் நிற்கப் பழக்கினாய். அரை நாள் பழக்கினாய். "இது பின்னால சொல்றதுக்கு இல்லடா, நிக்கறதுக்கு!" என்று சவரியண்ணனையே அதட்டினாய்.

புதுச்சேரி ஊர் எல்லையில் நாம் இறங்கி நடப்போம், ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போகக்கூடாதென்று. ஒருநாள் நேரமாகிவிட்டது, இறங்கவில்லை. சிவப்புத் தொப்பி சிப்பாய் கையைக் காட்டினார். நீ பின்னாலிருந்து, "பொஞ்சூர் முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாய். அவர் தமிழர்தான், "பொஞ்சூர் இருக்கட்டும், ரெண்டு பேர் எப்பிடி ஏறினீங்க?" என்றார். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஐயா, ஓட்டறது நான் ஒருத்தன்தான். இவுரு வெளக்கு மாட்டற கம்பி." சிப்பாய் விளக்கையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கம்பிக்கு மீச வேற" என்று சொல்லி விட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க உனக்குப் பேர் கம்பி.

நீ வேலையில் கடைசிவரை இருந்தாய். உன் மகன் பிறந்தான், நடந்தான், பள்ளிக்கூடம் போனான். சண்டை முடிந்து டயர் வந்தது, கல் வந்தது, ஆளுக்கொரு விளக்கு எரிக்க வழி வந்தது. அப்போதும் யாரும் விளக்கை ஏற்றிக்கொண்டு முன்னால் போகவில்லை. "மாமா சத்தம் இல்லாம எனக்கு வயி தெரியல" என்று வேலுதான் சொன்னான்.

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். ஒரு தை மாதத்துக் காய்ச்சல். திங்கட்கிழமை என் பின்னால் உட்கார்ந்து வந்தவன் வெள்ளிக்கிழமை இல்லை. அஞ்சலை மகனை மடியில் போட்டுக்கொண்டு, "அண்ணே, நாளைக்கு யார இட்டுக்கினு போவ?" என்று என்னைக் கேட்டாள். தனக்காக அழவில்லை, அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

காரியம் முடிந்து நான் மில்லுக்குக் கிளம்பினேன். சைக்கிள் ஓட வரவில்லை, மாப்ளே. பின்னால் பாரம் இல்லாமல் முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஏறுவதும் காலை ஊன்றுவதுமாக இருந்தேன். சின்ன வயசில் ஓட்டக் கற்றுக்கொண்டபோதுகூட நான் அப்படித் தடுமாறியதில்லை. எல்லாரும் என் பின்னால் மெதுவாக வந்தார்கள். மறுநாள் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு கோணியில் மணலை அள்ளிக் கட்டிக் கேரியரில் வைத்தேன். உன் பாரம் முழுசுக்கும் வைக்கவில்லை. வண்டி நேராக நிற்கிற அளவுக்கு வைத்தேன். பிறகு ஏறி மிதித்தேன். ஓடியது.

விடிகிற நேரத்தில் ரயில்வே கேட்டில் ரயிலுக்காக நின்றோம். வேலு என் பக்கத்தில் வந்து கோணியைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாண்ணே இது? மணலா? யாருக்கு?"

"மாப்ள குந்தினு கீறாரு" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன்.

வேலு சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற வேலு, தன் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு வந்து, நான் தளர்வாகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கோணியை நடுவில் நகர்த்தி இறுக்கிக் கட்டினான். ஒரு தடவை அசைத்துப் பார்த்தான். கேட் திறந்தது. யாரும் சத்தம் கொடுக்கவில்லை என்று பார்த்து, அவனே கொடுத்தான்: "தண்டவாளம், நேரா ஏறு!"

அந்த மணலோடுதான் மில்லை விட்டு நிற்கும் வரைக்கும் போய் வந்தேன். கோணி கிழியக் கிழிய வேறு கோணி மாற்றினேன், மணலை மாற்றவில்லை. சைக்கிளை எப்போதோ கொடுத்தாயிற்று. மணல் மட்டும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருமகள் பெருக்கும்போதெல்லாம், "இத வெளியில கொட்டிடட்டுமா மாமா?" என்று கேட்கிறாள். கொட்டாதே என்கிறேன். ஏன் என்று இதுவரைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை உன் பேத்தி எழுதி முடித்ததும் மருமகளுக்கும் ஒரு தரம் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.